முள்மரத்துக்கு ஒரு ஜாமீன்

"உக்காந்து தின்னதெல்லாம் போதும். இன்னைக்கு உன் கதை முடிஞ்சுது!"

மாமனாரின் குரல் கேட்டதும், யெசேனியா தட்டிக்கொண்டிருந்த சோள ரொட்டி நழுவி அடுப்புச் சாம்பலில் விழுந்தது. புகுந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தன்னைத்தான் சொல்கிறாரோ?

எட்டிப் பார்த்தாள். பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலை. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, தோட்டத்தில் குந்தியபடி எபிக்மேனியோ கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் முறைத்தது மூலையில் நின்ற தெஹோகோத்தே மரத்தை. ஊரில் எல்லார் வீட்டிலும் டிசம்பரில் மஞ்சள் பழமாகக் கொட்டுகிற முள்மரம். இந்த வீட்டில் மட்டும் முள்ளும் இலையும்தான்.

அது அவள் புருஷன் எர்மிலோ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று நட்ட கன்று. "இது காய்க்கற வருஷம் நான் வீட்டுக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். திஹுவானா நகரத்தில் வேலை பார்த்தபோது யெசேனியாவைக் கட்டிக்கொண்டான். இந்த வருஷம் பிறந்ததும் அவளை அப்பாவிடம் அனுப்பிவைத்துவிட்டு அமெரிக்க எல்லையைத் தாண்டினான். ஐந்து வாரமாக ஒரு ஃபோன் இல்லை.

மரமும் ஏழு வருஷமாக ஒரு பூப் பூக்கவில்லை. ஆக, மகன் வரப்போவதில்லை என்று கிழவர் முடிவே கட்டிவிட்டார். இன்று மரம், நாளை மருமகள் என்று யெசேனியா கணக்குப் போட்டாள்.

ஆனால் ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை இதே மனுஷன்தான் காய்ந்த கிளைகளைக் கழித்து, பாத்தி கட்டி, இரண்டு கூடை ஆட்டெருவை அந்த மரத்தடியில் கொட்டினார். அதற்குள் இவருக்கு என்ன வந்தது?

மாதா கோயில் மணி அடித்தது. எபிக்மேனியோ எழுந்தார். வாசல் படலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கோடரியை ஓங்கினார்.

"மாமா, வேண்டாம்!"

அவள் ஓடி வருவதற்குள் ஒரு அடி விழுந்துவிட்டது. அந்தச் சத்தம் நெஞ்சிலேயே விழுந்தது போலிருந்தது. இரண்டாவது அடிக்கு முன்னால் போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். முள் குத்தியது, விடவில்லை.

எபிக்மேனியோ ஒரு கணம் திகைத்தார். பிறகு முன்னைவிட உரக்கக் கத்தினார்.

"தள்ளிப் போ! தண்ணி குடிச்சுது, எரு தின்னுது. ஒரு காய், ஒரே ஒரு காய் குடுத்துதா? எதுக்கு இதை விடணும்?"

"அவரு நட்டது மாமா!"

"நட்டவனையே காணோம்!"

சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி தடுமாறினார். அதுவரை மாமனாரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராத யெசேனியா வெடித்தாள்.

"வருவாரு! இது நின்னாத்தான் வருவாரு. இதை வெட்டிட்டா அவரு எதைப் பாத்து வருவாரு? இன்னும் ஒரு வருஷம் குடுங்க மாமா. நான் தண்ணி ஊத்தறேன், நான் எரு சுமக்கறேன். அப்பவும் காய்க்கலைன்னா என்னையும் சேத்து வெட்டிப் போடுங்க!"

"இதுக்கு நீ ஜாமீன் நிக்கறியா?"

"நிக்கறேன்!"

கோடரி மெல்ல இறங்கியது. எபிக்மேனியோ அவள் தலைக்கு மேலே கிளைகளைப் பார்த்துக் கத்தினார். "ஒரு வருஷம்! நல்லாக் கேட்டுக்கோ, ஒரே ஒரு வருஷம்!"

அப்போதுதான் படலைத் தள்ளிக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, பக்கத்துத் தோட்டத்து வுல்ஃப்ரானோ ஓடி வந்தார். எர்மிலோவுக்கு ஞானத் தகப்பன். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"கோவிச்சுக்காதே எபிக்மேனியோ, கழுதை அத்துக்கிட்டு ஓடிடுச்சு. மணி அடிச்சாச்சா? சரி, கோடரியைத் தூக்கு. போன வருஷம் இதே நாள், காய்க்காத என் பேரி மரத்தை நான் கோடரியால மிரட்டினேன், நீ வந்து கெஞ்சினே. கிளை ஒடியற அளவுக்குக் காய்ச்சுது. இந்த வருஷம் கெஞ்ச வேண்டியது நான்தானே?"

யெசேனியா மெல்லக் கையை எடுத்தாள். மரப்பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை; விழுந்தது கோடரியின் முதுகுப்பக்கம்தான்.

எபிக்மேனியோ கண்ணைத் துடைக்க எடுத்த கைக்குட்டையை, ரத்தம் கசிந்த மருமகளின் கையில் சுற்றிக் கட்டினார்.

"நீ வீட்டுக்குப் போய்யா வுல்ஃப்ரானோ. மரம் நம்பிடுச்சு."