இடுப்பால் ஓர் ஆட்டு

உச்சி வெயிலில் பெட்ரோல் பங்க் ஆளரவமில்லாமல் கிடக்கிறது. காலமாகிவிட்ட அப்பாவின் பழைய காரை விற்கக் கிளம்பிய மகள், கண்ணாடி அலமாரியில் பெட்ரோலோடு கலக்கும் மருந்துப் புட்டிகளைப் பார்த்தபடி நிற்கிறாள். டேங்க் துருப்பிடிக்காமலிருக்க ஒன்று, வால்வு தேயாமலிருக்க ஒன்று. அப்பா இரண்டையும் ஊற்றி, மேலே உசத்தி பெட்ரோலை நிரப்பி, நன்றாகக் கலக்கட்டுமென்று வண்டியை இடுப்பால் இடித்து இடித்து ஆட்டுவார். "மருந்து வேணாமாம்மா? ஐயா இருந்தவரைக்கும் அது இல்லாம போட விட்டதில்ல" என்கிறார் பம்ப்காரர். "கைமாறப் போற வண்டிக்கு எதுக்குண்ணே? சாதா பெட்ரோலே போடுங்க."

பெட்ரோல் நிரம்புகிறது. அவர் மூடியைத் திருகுகிறார். காற்று துளியும் இல்லை. கூரையோர விளம்பரக் கொடிகூடத் துவண்டு தொங்குகிறது. வண்டி மட்டும் ஆடத் தொடங்குகிறது. ஸ்பிரிங் முனகுகிறது, டேங்குக்குள் பெட்ரோல் சளப் சளப்பென்று அலைகிறது. பின்பக்கத் தகரத்தில், இடுப்பு உயரத்தில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தூசி கொஞ்சம் கொஞ்சமாகத் துடைபடுகிறது.

பம்ப்காரர் பின்வாங்குகிறார். "உள்ள யாரும்மா?"

அவள் அலமாரியைத் திறந்து இரண்டு புட்டிகளையும் எடுக்கிறாள். "மூடியத் தொறங்கண்ணே," என்கிறாள்.

ஆட்டம் நிற்கிறது.