சின்னப் பரணி

"வீட்டுக்கு வந்தவங்க கையில முதல்ல குடிக்க எதையாவது குடுத்துரணும். இல்லேன்னா அந்தக் கை…" என்று அப்பா ஏதோ சொல்வார். அந்தக் கை என்ன செய்யும் என்பது சகாயத்துக்கு மறந்துபோயிருந்தது.

அவன் அண்ணன் மிக்கேல் இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். ஆனைக்கரையில் எல்லா வாசலிலும் நட்சத்திரம் தொங்கியது, துக்க வீடான அண்ணன் வீட்டில் மட்டும் இல்லை. கேக்கும் இல்லை. வைன் மட்டும் இருந்தது.

"புருஷன் குடிச்சிட்டு ஜீப்பைக் கவுத்துச் செத்தான். இவ என்னடான்னா, வர்றவங்களுக்கெல்லாம் வைன் ஊத்திக்கிட்டு இருக்கா!"

காலையில் மாதா கோயில் படியிலேயே இது சகாயத்தின் காதில் விழுந்துவிட்டது. மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு போன மாதம்தான் ஊர் திரும்பியிருந்தான். அடக்கத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. ஊர் சொன்னதைத்தான் அவனும் நம்பியிருந்தான்.

மதினி எப்சிபா முற்றத்தில் நின்றவர்களுக்கு வைன் கிளாஸ் தட்டை நீட்டிக்கொண்டே வந்தாள். மலையாளி ஏலக்காய் வியாபாரி ஷிஜு மட்டும் தட்டைத் தள்ளினான்.

"எனக்கு வேண்டா எப்சிபாக்கா. நான் ஜீப்புல வந்திருக்கேன்."

குபீரென்று சிரிப்பு. எப்சிபா அடுத்த ஆளிடம் நகர்ந்தாள்.

அப்போதுதான் பாண்டி வந்தான். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவன், மிக்கேலின் சிநேகிதன். எப்சிபா தட்டில் இருந்த கிளாஸைக் கொடுக்கவில்லை. உள்ளே போய்த் தனியாக ஒன்று கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"பாண்டியண்ணனுக்கு மட்டும் ஸ்பெஷலாக்கும்!" என்று ஷிஜு கண்ணடித்தான்.

சகாயத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. மதினியின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனான். வைன் ஊறும் பெரிய பீங்கான் பரணிக்குப் பின்னால், அரிசி மூட்டை மறைவில் ஒரு சின்னப் பரணி இருந்தது.

"பாண்டிக்கு மட்டும் எதுக்கு மதினி தனிப் பரணி? வெளியில என்ன பேசுறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா?"

சின்னப் பரணியிலிருந்து ஒரு கிளாஸ் மொண்டு நீட்டினாள். "குடிச்சுப் பாருங்க."

அதே சிவப்பு. ஒரு மடக்குதான் குடித்தான். தொண்டை எரிந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் எரிச்சல் வேறு மாதிரி.

"இது… இஞ்சில்ல?"

"இஞ்சி, ரெண்டு வத்தல், கொஞ்சம் ஏலக்காய். தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, சீனியைக் கருக்கி ஊத்தணும். ஆறினப்புறம் எலுமிச்சை. நிறத்துக்கு ஒரு துண்டு பீட்ரூட். பேருதான் இஞ்சி வைன். போதை ஒரு சொட்டுக் கிடையாது."

"பாண்டிக்கு எதுக்கு இது?"

"அவரு குடிய விட்டுட்டாரு. வெறுங்கையா நின்னா இவனுக விடுவானுகளா? வாயைப் பிளந்து ஊத்திருவானுக. கையில கிளாஸ் இருந்தா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். அவரு சம்சாரம் முருகேஸ்வரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு தம்பி."

"யோசனை உங்களுதா?"

எப்சிபா பரணியின் மூடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"உங்க அண்ணனுது. மொதல்ல அவருக்குத்தான் போட்டேன்."

சகாயம் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அவரும் குடிய விட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. எந்தக் கல்யாணம்னாலும் கிளாஸும் கையுமாத்தான் நிப்பாரு. உள்ள இருக்கறது இதுதான். அன்னைக்கும் வண்டன்மேட்டுல ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு இதைத்தான் பாட்டில்ல கொண்டுட்டுப் போனாரு. திரும்பி வர்றப்ப மஞ்சு இறங்கி ரோட்டை மூடிருச்சு. வளைவு தெரியல."

"ஏன் மதினி யார்கிட்டயும் சொல்லல? அண்ணன் பேரு இப்படி நாறிக் கிடக்கே!"

"சொல்லிரலாம்னு ஒரு நாள் கோயில் வரைக்கும் போனேன் தம்பி. எதிர்ல முருகேஸ்வரி வந்துச்சு. புருஷன் சம்பளத்தை முழுசா கையில குடுத்தாருன்னு பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு வாங்கிட்டு வந்துச்சு. நான் திரும்பிட்டேன். அண்ணன் கிளாஸ்ல இருந்தது இதுன்னு தெரிஞ்சா, பாண்டி கிளாஸையும் விடமாட்டானுக."

வெளியே ஷிஜுவின் குரல் உயர்ந்தது. சகாயம் முற்றத்துக்கு ஓடினான்.

ஷிஜு பாண்டியின் தோளில் கை போட்டிருந்தான். ஷிஜுவின் மூச்சில் பிராந்தி வாடை அடித்தது.

"அந்த ஸ்பெஷலைக் காட்டு அண்ணே, கொஞ்சம் மணம் பாக்கட்டே. நீ இப்பல்லாம் பக்கத்துலயே வர்றதில்லையே? ஜூஸ் குடிச்சுட்டு நம்மள ஏமாத்துறியா?"

பாண்டி கிளாஸை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் சட்டையில் சிவப்பாகச் சிந்தியது.

"சரி, சகாயம் சேட்டா, நீங்க சொல்லுங்க. இந்த வீட்டு வைன் ஒரிஜினலா, வெறும் கலர் வெள்ளமா, தண்ணியா? கலர் வெள்ளம்னா மிக்கேலண்ணன் எதைக் குடிச்சுட்டு ஜீப்பைக் கவுத்தாரு?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முற்றமே சகாயத்தைப் பார்த்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், அண்ணன் பேர் மீது விழுந்த கறை போய்விடும். கதவோரம் வந்து நின்ற எப்சிபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகாயம் பாண்டியின் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

"ஒரிஜினல்தான். இதைக் குடிச்சுத்தான் எங்க அண்ணன் செத்தாரு," என்றான். "பாண்டிக்கு இன்னொரு கிளாஸ் ஊத்துங்க, மதினி."