ஒரே பையன்

"வீடு சும்மா தர்றாங்க, சம்பளம் ஒன்றரை மடங்கு, வாசல்லயே கடல். எங்கயோ இடிக்குதே," என்றாள் மனைவி.

"இந்த ஒண்டுக்குடித்தனத்துலேருந்தும் வீட்டுக்காரர்கிட்டேருந்தும் தப்பிச்சாப் போதும்டி," என்றான் ஜெனரேட்டர் மெக்கானிக்.

தீவிலிருந்து தொலைபேசியில் நேர்காணல். ஸ்பீக்கரைப் போட்டான். மின்நிலைய மேலாளர் இன்ஜினைப் பற்றி இரண்டே கேள்விதான் கேட்டார். பிறகு குரல் குழைந்தது.

"பிள்ளைங்க எத்தனை?"

மனைவி ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒரே பையன் சார். இருக்கிற இடமே தெரியாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

"பள்ளிக்கூடம் போற வயசுல வேற யாரும்..."

"பாத்தீங்களா, ஆளு சரியில்ல. குழந்தைங்களையே துருவுறான்," என்று மனைவி காதைக் கடித்தாள்.

"சத்தியமா ஒண்ணுதான் சார்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"அப்ப மன்னிச்சுக்குங்க. எங்க பள்ளிக்கூடத்துல எட்டுப் பிள்ளைங்கதான் இருக்கு. பத்து இல்லேன்னா இழுத்து மூடிடுவாங்க. ஜெனரேட்டரை எவன் வேணாலும் பாத்துக்குவான் சார். அடுத்து இருக்கிறவருக்கு ரெண்டு பொண்ணுங்களாம், அவரையே வரச் சொல்லிடறோம்."

போன் வைக்கப்பட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மனைவி எழுந்துபோய் உள் அறைக் கதவைத் திறந்தாள்.

கட்டிலில் மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைக்குட்டி மெல்லக் கையை எடுத்தாள்.

"பேசலாமாப்பா? வீட்டுக்காரர் போயிட்டாரா?"