நாரை பார்க்க வந்தவர்

அந்தப் பெரியவரின் பைனாகுலர் இன்றைக்கும் மரங்களின் பக்கம் திரும்பவில்லை. ஆற்றங்கரை முழுக்க நாரைகள் கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருக்க, பறவை பார்க்கும் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது சரணாலயக் காவலாளியை.

காவலாளிக்கு அது சரியாகப் படவில்லை. போன மாதம் இரண்டு கூடுகளில் முட்டை காணாமல் போனதிலிருந்து அதிகாரி அவனைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். திருட வருகிறவன் பறவையைப் பார்க்க மாட்டான், காவலாளி எந்தப் பக்கம் போகிறான் என்றுதான் பார்ப்பான் என்பது அவர் படித்துப் படித்துச் சொன்ன பாடம். இன்னொரு முட்டை போனால் உன் வேலையும் போகும் என்றும் சொல்லியிருந்தார்.

வேலை போனால் கல்யாணமும் போச்சு. முப்பத்தைந்து வயதில், ஏழெட்டு இடம் தட்டிப்போன பிறகு, அவனுடைய அக்கா அலையாய் அலைந்து இப்போதுதான் ஒரு வரன் கொண்டுவந்திருந்தாள். பெண் வீட்டார் யோசித்துச் சொல்ல ஒரு வாரம் கேட்டிருந்தார்கள். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவன் கால் தரையில் இல்லை.

பெரியவர் வருவது இது நான்காவது நாள். டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் விசாரித்ததில் சந்தேகம் இன்னும் முற்றியது. காவலாளி எத்தனை மணிக்கு வருவான், மதியம் கண் அசருவானா, குடிப்பானா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டாராம்.

இன்று விடுவதில்லை என்று காவலாளி வேண்டுமென்றே ஒரு புதர் மறைவில் ஒதுங்கி நின்றான். ஐந்தே நிமிடத்தில் பெரியவர் கோபுரத்தை விட்டு இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூடுகள் இருந்த மரத்தடிக்கு வந்து சுற்றும்முற்றும் தேடினார்.

பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்தான். வருடம் பூராவும் வாயில் விரல் வைத்து ஜனங்களை அடக்குகிற ஆள், அன்று போட்ட கூச்சலில் நாரைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

"முட்டை எங்கய்யா? பையைக் குடு. இந்த வயசுல உனக்குத் திருட்டுப் புத்தியா?"

அவர் வாயைத் திறக்குமுன் பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினான். சாப்பாட்டு டப்பா, மாத்திரை அட்டை, குடை, பழுப்பு நிற உறை ஒன்று. முட்டை இல்லை.

உறையிலிருந்து ஒரு போட்டோ நழுவி விழுந்தது. நீலச் சட்டையும் படிய வாரிய தலையுமாக அதில் சிரித்துக்கொண்டிருந்தது அவனேதான்.

பெரியவர் கசங்கிய காலரைச் சரிசெய்துகொண்டார். அவர் குரல்கூட உயரவில்லை.

"மாப்பிள்ளை கோபக்காரரான்னு மட்டும் பார்த்துட்டு வாங்கப்பான்னு என் பொண்ணுதான் அனுப்பினா, தம்பி."