ஆட்டுக்கால் சூப்

“அந்த டம்ளரக் கீழ வைடா!”

பாக்கியலட்சுமி போட்ட சத்தத்தில் தம்பி சக்கரபாணிக்குப் புரையேறிவிட்டது.

“விடியறதுக்கு முன்ன எழுந்து, ஆட்டுக்கால வாட்டி, இடிச்சு, கொதிக்க வச்சு, தூக்குல ஊத்திக்கிட்டு தவளக்குப்பத்துல இருந்து பஸ் ஏறி வரேன். யாருக்கு? மார்ல ஆபரேசன் பண்ணி, கரண்டு வச்சு, பொழச்சு எழுந்திருக்காளே உன் பொண்டாட்டி, அவளுக்கு! நீ உக்காந்து உறிஞ்சிக்கிட்டிருக்க!”

“நான்தான் அண்ணி குடுத்தேன். எனக்கு அந்த வாசனை ஒத்துக்கல,” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் அன்னக்கிளி.

“உனக்கு எதுதான் ஒத்துக்குது? போன தடவ நாட்டுக்கோழி முட்டை ஒத்துக்கல. அதுக்கு முன்ன பேரீச்சம்பழம் ஒத்துக்கல. எல்லாம் இவனுக்கு மட்டும் நல்லா ஒத்துக்குது!”

சக்கரபாணி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். நெல் மூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றுகிற உடம்பு. அன்னக்கிளிக்கு மார்பில் புற்றுநோய் என்று போனில் சொல்லிவிட்டு அவன் அழுத அழுகையில், பாக்கியலட்சுமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து ஏற்றத் தொடங்கிய சமயம் புருஷனும் பெண்டாட்டியுமாக மயிலம் முருகன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார்கள். ஆம்பளைன்னா இப்படி இருக்கணும் என்று ஊரே மெச்சியது. பாக்கியலட்சுமியும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

இப்போது அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆட்டோ தெருவோரம் தூசி படிந்து நிற்கிறது. ஏன் ஓட்டவில்லை என்றால், “அவளப் பாத்துக்கணும்லக்கா” என்கிறான். பார்த்துக்கொள்கிற லட்சணம்தான் தெரிகிறதே! அவன் நாற்காலியில், அவள் அடுப்படியில். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறேன் என்று பாக்கியலட்சுமி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். வைத்தியம் முடிந்த அன்னக்கிளி கன்னத்தில் சதை போட்டுப் பளிச்சென்று இருக்கிறாள். பார்த்துக்கொண்டவன் பாதி ஆளாகிவிட்டான். கவலையில் இளைத்திருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. ஒருவேளை குடிக்கிறானோ? புதுச்சேரியில் அதற்கா பஞ்சம்!

கீழே தண்ணீர் வண்டி ஹாரன் அடித்தது. அன்னக்கிளி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் இருபது லிட்டர் கேனைத் தோளில் சுமந்தபடி மாடிப் படி ஏறி வந்தாள். சக்கரபாணி நாற்காலியை விட்டு அசையவில்லை.

பாக்கியலட்சுமி வாசலுக்கு ஓடினாள்.

“ஐயோ, என்னாடி பண்ற? ஆபரேசன் பண்ண பக்கத்துக் கையால வெயிட்டே தூக்கக் கூடாதாமே. கை வீங்கிக்குமாமே. எங்க ஊரு நர்சம்மா தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. உனக்கு யாரும் சொல்லலியா?”

“சொன்னாங்க அண்ணி.”

“அப்புறம்?”

அன்னக்கிளி கேனை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“குடிக்கிறியாடா?”

“சத்தியமா இல்லக்கா.”

“பின்ன ஏண்டா இப்படிக் கெடக்குற?”

பாக்கியலட்சுமி கொடியில் தொங்கிய சேலைகளை உருவி ஒரு பைக்குள் திணித்தாள். “கெளம்பு அன்னக்கிளி. ஒரு மாசம் என் வீட்ல வந்து இரு. நான் ஆக்கிப் போடறேன். நீ காலை நீட்டிப் படுத்து எழுந்திரு. உடம்பு தேறினதும் கொண்டாந்து விடறேன்.”

“அவர விட்டுட்டு நான் எப்படி அண்ணி வர்றது?”

“ஏன், அவனுக்கு என்னா கேடு?”

“நான் வரல அண்ணி. கோவிச்சுக்காதீங்க.”

இதற்கு மேல் பாக்கியலட்சுமியால் பொறுக்க முடியவில்லை. பையைக் கீழே போட்டாள்.

“சரிடா. இன்னியோட முடிஞ்சுது. நோவாளிப் பொம்பளைய வேலை வாங்கித் தின்றவன் எனக்குத் தம்பி இல்ல. நாளைக்கு நான் செத்தாலும் நீ வந்து நிக்காத.”

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

சக்கரபாணிக்குப் பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது இந்த ஒரு அக்காதான். அவன் பதறி எழுந்தான்.

“அக்கா, போவாத! இனிமே நானே தூக்கறேன். எல்லா வேலையும் நானே செய்யறேன். இந்தா, பாரு!” என்று கேனின் கழுத்தை இடக்கையால் பிடித்து இழுத்தான்.

“ஐயோ, அந்தக் கையால வேணாங்க!” அன்னக்கிளி ஓடிவந்து அவன் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாக்கியலட்சுமி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏன்? அவன் கைக்கு என்னா?”

சக்கரபாணி மெதுவாகச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். இடப்பக்கம் மார்பு இருந்த இடம் வழித்தெடுத்ததுபோல் தட்டையாக இருந்தது. அக்குள் வரைக்கும் நீளமாகத் தையல் தழும்பு. சுற்றிலும் கதிர்வீச்சுக் கரண்டு வைத்துக் கறுத்த தோல்.

“எனக்குன்னா ஊரே வந்து அழுவும் அண்ணி,” என்றாள் அன்னக்கிளி. “ஆம்பளைக்கு மார்ல வந்திருக்குன்னா சிரிப்பாங்கன்னு பயந்தாரு. அதான், எனக்குன்னு சொல்லிட்டோம்.”