எட்டாவது மாடிக்கு ஃபைபர்

மேசைக்கு அடியில் டோர்கெல் இல்வாவின் காலை நறுக்கென்று மிதித்தான்.

தெரியாமல் பட்டிருக்கும் என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் மிதித்தான். பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வரி தடுமாறியது.

நோர்ஷோப்பிங் நகரில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது அந்த வரைபட நிறுவனம். இரண்டாவது மாடியில் இருக்கும் நெட்வொர்க் அறைக்கு டோர்கெல் பொறுப்பு, எட்டாவது மாடி அறைக்கு இல்வா. இரண்டையும் இணைக்கும் பழைய கேபிளை எடுத்துவிட்டுப் புதிதாக ஃபைபர் போடுவதா, செம்பு போடுவதா என்று முடிவுசெய்யத்தான் இன்றைய கூட்டம்.

ஃபைபர்தான் என்று இருவரும் பேசிவைத்து மூன்று வாரமாகிறது. திட்டத்தை ஒன்றாக உட்கார்ந்துதான் எழுதினார்கள். "நீயே பேசு, உனக்குத்தான் வாய் இருக்கு" என்று உசுப்பிவிட்டவனும் அவன்தான். இன்று என்னடாவென்றால், யூனியன் பிரதிநிதி என்பதால் தன்னை நிர்வாகம் காலையிலேயே கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாக வந்தான். வந்ததும் காலை மிதிக்கிறான்.

இல்வா குரலை உயர்த்தினாள். "கேபிள் லிஃப்ட் மோட்டாரை ஒட்டியே போகுது. காப்பர்னா அந்தத் தொந்தரவு மொத்தமும் உள்ள வந்துடும். ஃபைபர்ல போறது வெளிச்சம், அதை மோட்டார் ஒண்ணும் பண்ணாது. அதோட காப்பர் நூறு மீட்டருக்கு மேல தாங்காது. அதனாலதான் மேல ஒரு ரூம், கீழ ஒரு ரூம்னு வச்சு மாரடிக்கிறோம். ஃபைபர் போட்டா எல்லாத்தையும் ஒரே ரூமுக்குக் கொண்டுவந்துடலாம். என் ரூமை நீங்க காபி குடிக்க எடுத்துக்கங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மார்கரேத்தாவும் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார். "நீ என்ன சொல்ற, டோர்கெல்?"

டோர்கெல் காபிக் கோப்பையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "காப்பரே போதும்."

"என்னது?" என்றாள் இல்வா.

"காப்பர் கெட்டுப்போனா நாங்களே பத்து நிமிஷத்துல சரி பண்ணிடுவோம். ஃபைபர்னா வெளிய இருந்து ஆள் வரணும். ரெண்டு ரூமும் அப்படியே இருக்கட்டுமே. இப்ப நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுதா! ஒரு மேப் திறக்க ஏழு நிமிஷம் ஆகுதுன்னு போன மாசம் கத்தினது யாரு, உன் ஆவியா?"

அவன் காபியை உறிஞ்சினான். இல்வாவுக்கு முகம் எரிந்தது. பதினோரு வருடப் பழக்கம். அவள் விவாகரத்தாகி வீடு மாறியபோது சோபாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறியவன். இத்தனை பேர் முன்னால் அவளைத் தனியாக நிறுத்திவிட்டுக் காபி குடிக்கிறான்.

மார்கரேத்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லோரும் ஒத்துக்கொள்ளாமல் அந்த அலுவலகத்தில் ஒரு நாற்காலிகூட வாங்க மாட்டார்கள்.

"அடுத்த மாசம் இன்னொரு கூட்டம் வச்சுக்கலாம்," என்றான் டோர்கெல் அவசரமாக.

"ஒண்ணும் வேண்டாம்!" இல்வா திட்ட அறிக்கையைப் புரட்டி அவன் பக்கம் தள்ளினாள். "இது யார் எழுதின பக்கம்? வேகத்தைச் சோதிச்சு எழுதினது உன் கையெழுத்துதானே? படி, எல்லாரும் கேக்கட்டும்."

தன் எழுத்தையே மறுக்க முடியாமல் டோர்கெல் சரியென்று தலையசைத்தான். மார்கரேத்தா வாங்கிப் படித்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். எட்டாவது மாடிக்கு ஃபைபர் என்று முடிவாயிற்று.

ஜெயித்தும் இல்வாவுக்குக் கோபம் தணியவில்லை. வியாழக்கிழமை என்பதால், அந்த ஊர் வழக்கப்படி மதிய உணவுக்குப் பட்டாணி சூப். தட்டை எடுத்துக்கொண்டு ஆளில்லாத மேசையாகத் தேடிப் போய் உட்கார்ந்தாள். டோர்கெல் எதிரே வந்து நின்றான்.

"உட்காராத. உன் மூஞ்சியைப் பாத்தா சூப் இறங்காது."

அவன் உட்கார்ந்தான்.

"ஏன்டா அப்படிப் பண்ணின? எனக்குப் பேர் வந்துடும்னு பொறாமையா? பிடிக்கலைன்னா நேத்தே சொல்லியிருக்கலாம்ல? கூடவே இருந்து முதுகுல குத்திட்டியே!" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது வேறு அவளுக்குக் கோபமாக இருந்தது.

டோர்கெல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "பன்னிரண்டரைக்கு எல்லாருக்கும் மெயில் வரும். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு காலையில என்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க. இப்ப மணி ஆயிடுச்சு, சொல்லலாம்."

"என்ன சொல்லப் போற?"

"ரெண்டு ரூமும் ஒண்ணாச்சுன்னா அதைப் பாத்துக்க ஒரு ஆள் போதுமாம். இன்னொரு வேலையை எடுத்துடறாங்க."

பக்கத்து மேசைகளில் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. இல்வா கரண்டியைக் கீழே வைத்தாள். ஓ, இதுதானா விஷயம். காலை மிதித்தது, காப்பருக்குக் கொடி பிடித்தது, இன்னொரு கூட்டம் கேட்டது, எல்லாம் இதற்குத்தானா.

"அடப்பாவி! உன் வேலை போயிடும்னு பயந்துதான் என்னைக் கவுக்கப் பாத்தியா?"

டோர்கெல் தலையைக் குனிந்துகொண்டான்.

"சட்டப்படி கடைசியா சேர்ந்தவங்கதானே முதல்ல போகணும், இல்வா... நீ எனக்கு ரெண்டு மாசம் பின்னாடி சேர்ந்தவ."