தாடி எடுத்த தேதி

"ஒரு கோடி ரூபா படம்டா! உன் ஒருத்தன் தாடியால நின்னு போச்சே, நீயெல்லாம் மனுசனா?"

நடராசனின் சலூன் நாற்காலியில், முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்து கோதண்டபாணி கத்தினார். கூட்டேரிப்பட்டில் ஓட்டல் வைத்திருப்பவர். ஷூட்டிங் நடந்த இருபத்தாறு நாளும் அவர் கடை இட்லிதான் போனது.

பெஞ்சில் இருந்த சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டான். அவன் மொட்டைத் தலையில் இப்போதுதான் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

அது கொள்ளைக்காரன் கதை. ஹீரோ, நிஜத் தாடியோடு ஓடி வந்து கிணற்று மேட்டில் நிற்பார். அங்கிருந்து குதிப்பது சின்னதுரை. அதே உயரம், அதே உடம்பு. தண்ணீரில் ஒட்டுத்தாடி நிற்காது என்று, அவனையும் தாடி வளர்க்க வைத்தார்கள். பாதிக் காட்சி எடுத்துவிட்டு, ஜனவரி கடைசியில் ஒரு மாதம் இடைவெளி விட்டார்கள்.

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் முடியில கை வெக்காதீங்க. முன்னாடி எடுத்த சீன்ல எப்படி இருந்தீங்களோ அப்படியே இருக்கணும். இல்லேன்னா கன்டினியூட்டி போயிடும்" என்று மேனேஜர் சீனுவாசன் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதத்துக்குள் சின்னதுரையின் அப்பா செத்துப்போனார். ஒரே மகன். கொள்ளி வைக்க மொட்டையடித்து, தாடியையும் மீசையையும் எடுத்தான்.

ஷூட்டிங் நின்றது. தினமும் கூலிக்குப் போன எண்பத்து நாலு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். எதிர் கம்பெனிக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு மொட்டையடித்தான் என்று திண்டிவனத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சு விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள், வாங்கிய காசு ஐயாயிரம் ஆகியிருந்தது.

"மொட்டை மட்டும் போட்டுக்கினு தாடியை விட்டிருக்கலாம் இல்ல? உங்கப்பன் எழுந்து வந்து பார்க்கப் போறாரா?" என்றார் கோதண்டபாணி.

"அண்ணே, ஆடாதீங்க. கத்தி பட்டுடும்" என்றான் நடராசன்.

வாசலில் கார் வந்து நின்றது. மேனேஜர் சீனுவாசன் உள்ளே வந்து, டைப் அடித்த ஒரு தாளைச் சின்னதுரையிடம் நீட்டினார்.

"வீட்டுக்குப் போனேன், இங்க இருக்கறதா சொன்னாங்க. ஒண்ணுமில்லை, ஒரே ஒரு கையெழுத்து. படத்துக்குப் பணம் போட்டவர், ஏன் நின்னுச்சுன்னு எழுதிக் கேக்கறார். 'என் கவனக்குறைவால்தான் படப்பிடிப்பு நின்றது'ன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

"அப்பாவுக்குச் செஞ்சது கவனக்குறைவா சார்?"

"நீ போடலேன்னா மிச்சத்தை மைசூர் பக்கம் எடுத்துக்குவோம். இந்த ஊருக்கு வர மாட்டோம்."

"போட்டுடுடா!" என்றார் கோதண்டபாணி. "எண்பத்து நாலு குடும்பம்டா. நீ செஞ்சதை நீதானே ஒத்துக்கணும்?"

சின்னதுரை பேனாவை வாங்கினான். இதைப் போட்டால், ஊரார் பேசியதெல்லாம் அவனே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். போடாவிட்டால் எண்பத்து நாலு வீட்டின் சாபம்.

நடராசன் வலது கன்னத்தை முடித்துவிட்டு, கத்தியைத் தோல் பட்டையில் தீட்டினான். சின்னதுரையை அவனால் பார்க்க முடியவில்லை. சுடுகாட்டில் மொட்டையடித்தது அவன் கைதான். பேச்சை மாற்றக் கேட்டான்.

"இன்னாண்ணே, ஹீரோ மாதிரியே ஆசையா வளர்த்த தாடியாச்சே, எடுக்கச் சொல்லிட்டீங்க?"

"நம்ம ஆளே எடுத்துட்டார்யா! பார்க்கலியா நீ?" கோதண்டபாணி மடியிலிருந்த சினிமா பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார். "அடுத்த படத்துல போலீஸ் இன்ஸ்பெக்டர். பூஜை போட்டோ வந்திருக்கு. மழமழன்னு இன்னா களை பாரு! பத்து வயசு குறைஞ்சிட்டாரு."

நடராசன் பத்திரிகையை வாங்கி, படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டி, ஆனால் சத்தமாகப் படித்தான்.

"பிப்ரவரி மூன்றாம் தேதி நடந்த பூஜையில்..."

சின்னதுரை நிமிர்ந்தான்.

"எங்கப்பா செத்தது பதினாலாம் தேதி."

"பதினோரு நாள் முன்னாடி" என்றான் நடராசன். "அப்போ மொதல்ல தாடி எடுத்தது யாரு சார்?"

சீனுவாசன் பத்திரிகையைப் பிடுங்கி மடக்கினார்.

"அவரு ஹீரோப்பா. அவரைப் போய் யாருப்பா கேக்க முடியும்?"

கோதண்டபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இப்போது குரல் தணிந்திருந்தது.

"சரி, ஆனது ஆச்சு. இருந்தாலும் கையெழுத்தைப் போட்டுடு சின்னதுரை. அவ்வளவு பெரிய மனுசன் பேரு கெட்டுடும், பாவம். உனக்கு இன்னா, உன்னை இந்த நாலு ஊர்லதானே தெரியும்."

சின்னதுரை அவரை ஒருமுறை பார்த்தான். தாளைத் தொடையில் வைத்து நிதானமாக எழுதினான். சீனுவாசன் முகம் மலர்ந்து கை நீட்டினார்.

டைப் அடித்திருந்ததை முழுக்கக் கோடு போட்டு அடித்திருந்தான். கீழே அவன் கையால் எழுதிய இரண்டே வரி இருந்தது.

'ஹீரோ தாடி எடுத்தது பிப்ரவரி 3.
என் அப்பா இறந்தது பிப்ரவரி 14.'

அதன் கீழே கையெழுத்து.

"கேட்டீங்களே சார், போட்டுட்டேன். பணம் போட்டவர்கிட்டயே காட்டுங்க" என்று சொல்லிவிட்டு சின்னதுரை இறங்கிப் போனான்.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது.

நடராசன் கத்தியைத் துடைத்து மடக்கினான். கோதண்டபாணியின் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து உதறினான்.

"யோவ், இன்னாய்யா இது? ஒரு பக்கம்தானே எடுத்திருக்கே!"

"காசு வேணாம், எழுந்திருங்கண்ணே. இன்னொரு பக்கம் அப்படியே இருக்கட்டும்" என்றான் நடராசன். "கை வெச்சிடாதீங்க. கன்டினியூட்டி போயிடும்."